உப்பளத்தில் வந்த நரி

பம்பாயில் ரயில் மான்குர்த்தோடு முடிந்துவிடும் காலத்தில் அந்த வண்டியில் ஏறியவர்கள் உங்களில் சிலராவது இருப்பீர்கள். கடைசி ஸ்டேஷனில் இறங்கி, தண்டவாளத்தைத் தாண்டி, கொஞ்சம் நெல் வயலைக் கடந்தால் அதற்கு மேல் சகதியும் அலையாத்திச் செடிகளும் உப்பளமும்தான். இன்று போய் நின்றால் எந்தத் திசையில் கடல் இருக்கிறது என்றே சொல்ல முடியாது. அறுபதுகளின் நடுவில் ஒரு தீபாவளி லீவில் அங்கே நடந்ததைச் சொல்கிறேன். எனக்கு அப்போது பத்து வயது. இதை நான் முன்பும் சொல்லியிருக்கிறேன், ஆனால் என் பங்கை விட்டுவிட்டு.

நாங்கள் தாராவியில் இருந்தோம். அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களுக்கு அடுத்த அறையில் அத்தையோடு குடியிருந்தார். கல்யாணமாகி ஒரு வருடம். அத்தைக்கு ஐந்து மாதம். மாமா மெயின் ரோட்டில் இருந்த ஒரு போட்டோ ஸ்டுடியோவில் படம் கழுவும் வேலை பார்த்தார். பகல் முழுக்க இருட்டறையில் சிவப்பு பல்புக்கு அடியில் நிற்பார். வீட்டுக்கு வந்து எத்தனை தடவை கை கழுவினாலும் அந்த மருந்து வாடை போகாது. சோறு பிசையும்போது அத்தை முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஸ்டுடியோவில் இரண்டு திரைகள் இருந்தன. ஒன்றில் வளைந்து இறங்கும் அரண்மனைப் படிக்கட்டு. மற்றொன்றில் நிலா வெளிச்சத்தில் தாஜ்மகால். தோல் பட்டறையில் வேலை செய்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை தலை சீவிக்கொண்டு வந்து அரண்மனைக்கு முன்னால் நிற்பார்கள். "ஊர்ல பாத்துட்டுச் சிரிக்காவ முதலாளி, வயக்காடு கணக்கா ஒண்ணு வைங்க" என்று பலர் கேட்டதால், முதலாளி வயல் திரை ஒன்று வரைவதென்று முடிவு செய்தார். வரைகிறவருக்குப் பார்த்து வரையப் படம் வேண்டும். ஸ்டுடியோவுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. தன்னுடைய கேமராவை மாமாவிடம் கொடுத்து, பம்பாயைச் சுற்றி எங்கே வயல் இருக்கிறதோ அங்கே போய் எடுத்து வா என்றார். வெளியே போய்ப் படம் எடுப்பது மாமாவுக்கு அதுவே முதல் தடவை. அந்த வாரம் முழுக்க அவர் வீட்டில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்.

என்னை அழைத்துப் போனதற்கு இரண்டு காரணங்கள். ஆள் ஒன்று நின்றால்தான் படத்தில் வயலின் அகலம் தெரியும் என்பது அவர் சொன்ன காரணம். சொல்லாத காரணம், மாமாவுக்கு இந்தி வராது. ஊரிலிருந்து வந்து நாலு வருடம் ஆகியும் "கித்னா", "சலோ" தவிர எதுவும் நாக்கில் ஏறவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் இந்தி படித்தேன், தெருவில் பேசினேன். தபால்காரர் வந்தாலும், ரேஷன் கடைக்குப் போனாலும், எங்கள் வரிசையில் இருந்த பெரியவர்கள் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அதில் பெருமை அதிகம். தெரியாது என்று சொல்லும் வழக்கம் அந்த வயதில் என்னிடம் இல்லை.

முதல் திங்கட்கிழமை நன்றாகவே போனது. மழை முடிந்து நெல் முற்றியிருந்தது. என்னை வரப்பில் நிறுத்தி எட்டுப் படம் எடுத்தார். ஒரு வெள்ளை நாய் எங்களைக் குரைத்துக்கொண்டே ரயிலடி வரை துரத்தியது.

இரண்டாவது திங்கட்கிழமை ஸ்டேஷனுக்கு வெளியே இருந்த டீக்கடைக்காரர் கேமராவைப் பார்த்துவிட்டு என்னிடம் இந்தியில் சொன்னார்: "டிராம்பே பக்கம் இதைத் திறக்காதே. சர்க்கார் இடம். போன மாதம் ஒருத்தனிடமிருந்து போலீஸ் பிடுங்கிக்கொண்டது." நான் மாமாவிடம் சொன்னேன். மாமா தோல் பெட்டியின் மீது கையை வைத்துக்கொண்டார்.

"இது முதலாளி சாமான் பாத்துக்க. இது போச்சுன்னா எம் பொழப்பும் கூடவே போச்சு."

அதற்குப் பிறகு நடக்கும்போதெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

மூன்றாவது திங்கட்கிழமை போக வேண்டிய அவசியமே இல்லை. வயல் படம் போதுமான அளவு வந்துவிட்டது. ரோலில் நாலு படம் மிச்சம் இருந்தது. உப்பளத்தில் தண்ணீர் நிற்கும், மேகம் அதில் விழும், அதை ஒன்று எடுக்க வேண்டும் என்றார் மாமா. காலை பத்து மணி இருக்கும். வயலைத் தாண்டி உப்பளத்து வரப்பில் ஏறினோம். வழக்கமாக அங்கே கொக்குகள் நிற்கும். அன்று ஒன்றுகூட இல்லை. சகதி வாடையோடு வேறொரு வாடையும் வந்தது. கொஞ்ச தூரத்தில் அந்த வெள்ளை நாய் வரப்பில் செத்துக் கிடந்தது. வாயைச் சுற்றி மண் அப்பியிருந்தது, கற்களைக் கடித்த மாதிரி.

"பாம்பு தீண்டிருக்கும். தாண்டி வா" என்றார் மாமா.

எனக்குத் திரும்பிவிட வேண்டும் போலிருந்தது. சொல்லவில்லை. மாமா ஒரு பாத்தி முன்னால் நின்று கேமராவைத் திறந்தார். அது நெஞ்சுக்குக் கீழே பிடித்துக்கொண்டு மேலிருந்து குனிந்து பார்க்கிற கேமரா. பார்க்கிறவருக்கு உள்ளே ஒரு சின்னக் கண்ணாடி மட்டும் தெரியும். அதில் எல்லாம் சிறிதாக இருக்கும், இடது வலதாக மாறியிருக்கும். அதற்குள் பார்த்துக்கொண்டிருப்பவர் வெளியே நிமிர்ந்து பார்ப்பதில்லை.

நான்தான் முதலில் பார்த்தேன். அலையாத்திச் செடிகளுக்குள்ளிருந்து ஒரு நரி வெளியே வந்து வரப்பின் மேல் ஏறியது. நரி என்று எனக்கு உடனே தெரியவில்லை. மெலிந்திருந்தது. முதுகில் ரோமம் ஈரமாக ஒட்டிக் கிடந்தது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, பின்கால்கள் ஒரு பக்கமாக இழுபட, நேராக எங்களை நோக்கி நடந்து வந்தது. எங்களைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. வழியில் அடையாளத்துக்கு நட்டிருந்த ஒரு மூங்கில் குச்சியைக் கடித்தது. விட்டது. மறுபடி நடந்தது.

"மாமா, நரி."

மாமா கேமராவைத் திருப்பிக் கண்ணாடியில் அதைப் பிடித்தார். அவர் குரல் மெதுவாகிவிட்டது. "அசையாம நில்லுட்டி. பயமே இல்லாம வருது பாரு. இப்படி ஒரு படம் எவனுக்குக் கெடைக்கும்."

ஒரு படம் எடுத்தார். கைப்பிடியைச் சுற்றினார்.

"பக்கத்துல வருது மாமா."

"தூரத்துலதான் இருக்கு. சும்மா இரு."

அவர் கண்ணாடியில் அது தூரத்தில்தான் இருந்தது. எனக்கு அதன் தாடை தெரிந்தது. வாய் மூடாமல் தொங்கியது. அதிலிருந்து நூல் மாதிரி எச்சில் வெயிலில் மின்னிக்கொண்டு தரை வரை இறங்கியது.

அப்போது வலது பக்கத்துப் பாத்திகளுக்கு அப்பாலிருந்து ஒரு ஆள் கத்தினார். வரப்பு கட்டிக்கொண்டிருந்த உப்பளத்துக்காரர். முழங்கால் வரை சேறு. கையில் நீளமான கழியைத் தூக்கி ஆட்டிக்கொண்டே எங்களை நோக்கி ஓடி வந்தார். ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பக் கத்தினார். "பிசாள்லேலா, பிசாள்லேலா."

"என்னட்டி சொல்லுதான்?"

அது மராத்தி. எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட மாமா நிமிர்ந்து பார்த்திருப்பார். டீக்கடைக்காரர் சொன்னது எனக்கு நினைவில் இருந்தது. நான் சொன்னேன்: "போட்டோ புடிக்கக் கூடாதாம் மாமா. சர்க்கார் எடமாம். கேமராவப் புடுங்க வாராரு."

மாமா நரியை மறந்தார். அந்த ஆளைப் பார்த்தார். கேமராவைப் பெட்டிக்குள் வைக்கக் குனிந்தார். அந்த நேரத்தில் அது அவர் காலைக் கவ்வியது. குரைக்கவில்லை, உறுமவில்லை. மூங்கில் குச்சியைக் கடித்த மாதிரியே கடித்தது. மாமா காலை உதறி உதைத்தார். அது பாத்திக்குள் விழுந்து எழுந்தது. மாமா ஒரு கையில் கேமராவையும் ஒரு கையில் என்னையும் பிடித்துக்கொண்டு ஓடினார். கழியோடு வந்த ஆளுக்கு எதிர்த் திசையில் ஓடினோம்.

நான் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். அந்த ஆள் எங்களைத் துரத்தவில்லை. நாங்கள் நின்றிருந்த இடத்தில் குனிந்து நின்றார். கழி கீழே கிடந்தது. அவர் கையில் ஏதோ சாம்பல் நிறத்தில் தொங்கியது. அவர் அதை உதற உதற அது விடவில்லை.

ரயிலில் மாமா பேண்டைத் தூக்கிப் பார்த்தார். ஆடுசதையில் இரண்டு சிவந்த கோடுகள், ஒரு சின்னத் துளை. கர்சீப்பை நனைத்துத் துடைத்தார்.

"முள்ளுக்கம்பி கிழிச்சிட்டுன்னு சொல்லிருதேன். நரி கடிச்சிட்டுன்னு சொன்னா ஒங்க அத்தை இனிமே என்னை வெளிய விட மாட்டா. நீயும் சொல்லிராத, என்ன?"

சரி என்றேன். மாமாவும் நானும் மட்டும் அறிந்த விஷயம் ஒன்று இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. திரும்பிப் பார்த்தபோது கண்டதை அவரிடமும் சொல்லவில்லை.

அந்த நரிப் படம் பிரமாதமாக வந்திருந்தது. வயல் படங்களை விட்டுவிட்டு முதலாளி அதைத்தான் பெரிதாகப் போடச் சொன்னார். சட்டம் போட்டுக் கடை வாசல் கண்ணாடிக்குள் மாட்டினார். வேலை முடிந்து போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பம்பாயிலா எடுத்தது என்று கேட்டார்கள். மாமா சாதாரணமாகச் சொல்வது போல், "பக்கத்துலதான், அது பாட்டுக்கு வந்து நின்னுச்சு" என்பார். நான் அந்தப் பக்கம் போகும்போது எதிர்ச் சாரிக்கு மாறி நடந்தேன். அந்தத் தாடையும் எச்சில் நூலும் படத்தில் அப்படியே இருந்தன. மாமாவின் காலில் காயம் ஆறிவிட்டது. அதுவும் எனக்குத் தைரியம் தரவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது.

படம் மாட்டிய ஒரு வாரத்தில், அதாவது உப்பளத்துக்குப் போன பன்னிரண்டாம் நாள், கோலிவாடாவிலிருந்து வரும் மீன்காரம்மா ஸ்டுடியோ வாசலில் கூடையை இறக்கி வைத்து இளைப்பாறினாள். அம்மா என்னை மீன் வாங்க அனுப்பியிருந்தாள். மீன்காரம்மா கண்ணாடிக்குள் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கி இன்னும் பக்கத்தில் போனாள்.

"கோல்ஹா" என்று நரியைக் காட்டினாள். பிறகு, "பிசாள்லேலா."

உப்பளத்தில் கேட்ட அதே வார்த்தை. அப்படியென்றால் என்ன என்று இந்தியில் கேட்டேன்.

"பாகல்" என்றாள். தாடையைத் தொங்கவிட்டுக் காட்டினாள். "வெறி பிடித்தது. இது யாரையாவது கடித்தால் அந்த ஆள் தண்ணீரைப் பார்த்துப் பயந்து சாவான். இதைப் போய் ஏன் மாட்டி வைத்திருக்கிறார்கள்?"

மீன் வாங்காமல் வீட்டுக்கு ஓடினேன். அத்தை அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும் வரை கையைத் தண்ணீரிலிருந்து எடுக்கவில்லை. பிறகு முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்து, செருப்புகூடப் போடாமல் ஸ்டுடியோவுக்கு நடந்தாள். இருட்டறைக் கதவைத் தட்டினாள்.

"எந்திரிச்சு வாங்க. ஆஸ்பத்திரிக்குப் போணும்."

"படம் பாதியில கெடக்கு."

"கெடக்கட்டும். அந்தக் காலக் காட்டுங்க."

தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. நாளுக்கு ஒன்று. நம் காலத்தில் அதைப் பார்த்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டாம். டாக்டர் நடுத்தர வயதுப் பெண். என் மூலமாகத்தான் பேசினார். தாமதமாக வந்திருக்கிறீர்கள், கடி காலில் என்பதால் இன்னும் நேரம் இருக்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றார். நான் அதை மாமாவுக்குச் சொன்னேன். அத்தை அன்று அம்மாவோடு வெளியே உட்கார்ந்திருந்தாள்.

"வேறு யாரையாவது கடித்ததா?" என்று டாக்டர் கேட்டார்.

இந்த முறை நான் யாருடைய பதிலுக்கும் காத்திருக்கவில்லை. ஒரு உப்பளத்துக்காரரைக் கையில் கடித்தது என்றேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "கையிலா? நாளைக்கே அழைத்து வாருங்கள்."

வெளியே வந்ததும், டாக்டர் ஏன் பேனாவைக் கீழே வைத்தார் என்று மாமா கேட்டார். சொன்னேன்.

"அங்க போனா என்ன செய்வானோ. நம்மளால கடி பட்டவன். போலீஸுன்னு போயிருந்தான்னா? ஊசி முடியட்டும். நடக்கவே முடியல, வயிறு கல்லு மாதிரி இருக்கு. முடிஞ்சதும் போவோம்."

மறுநாள் டாக்டர் கேட்டார். மாமா என்னிடம், "போனோம், ஆளு இல்லன்னு சொல்லு" என்றார். அதை இந்தியில் சொன்னது நான். மூன்றாம் நாளும் கேட்டார். ஊருக்குப் போய்விட்டாராம் என்றேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

மாமா கெட்டவர் இல்லை. பயந்தவர். ஒவ்வொரு நாள் காலையிலும் ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து வைத்துக்கொண்டு அதைப் பார்ப்பார். குடித்து முடித்ததும்தான் அவர் முகம் இளகும். அந்த டம்ளரைத் தவிர வேறு எதையும் நினைக்க அவருக்கு இடம் இருக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. அன்று எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பதினாலாவது ஊசி போட்ட அன்று அம்மா பாயசம் வைத்தாள். அத்தை எனக்கு ஊற்றிக் கொடுத்துக்கொண்டே, "நீதான் அலைஞ்சு அலைஞ்சு எல்லாத்தையும் எடுத்துச் சொன்ன" என்றாள். என்னால் குடிக்க முடியவில்லை. அந்த ஆளைப் பற்றிச் சொன்னேன். அவர் கையில் தொங்கியதையும், டாக்டரிடம் நான் சொன்ன பொய்யையும் சேர்த்துச் சொன்னேன்.

அத்தை மாமாவைப் பார்த்தாள்.

"அப்ப அந்த மனுசனுக்கு யாரு ஊசி போடுதா?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அத்தை மறுநாள் முதல் வண்டியில் என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். மாமா பின்னாலேயே வந்து ஏறினார்.

உப்பளத்தில் வரப்பெல்லாம் கட்டி முடித்திருந்தார்கள். ஒரு குடிசையின் முன்னால் நாலைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர்ப் பானைகள் குடிசைக்கு வெகு தூரத்தில், ஒரு புளியமரத்தடியில், சாக்கு போட்டு மூடிக் கிடந்தன. அதைப் பார்த்ததும் அத்தை நின்றுவிட்டாள்.

அவர் இறந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

அவர் மனைவிக்கு மராத்தி மட்டும்தான் தெரியும். மகள் ஒருத்தி, என் வயதுதான், பள்ளிக்கூடத்தில் இந்தி படித்தவள். அம்மா சொல்வதை அவள் எனக்கு இந்தியில் சொன்னாள். நான் அத்தைக்குத் தமிழில் சொன்னேன். நடுவில் நாங்கள் இரண்டு பேர் நின்றோம்.

"அன்னைக்கி ராத்திரி அப்பா சொன்னாரு, ஒரு சின்னப் பிள்ளைய நரி கடிக்கப் பாத்துது, குறுக்க போயிட்டேன்னு. கையில மருந்து வச்சுக் கட்டுனோம். ஆறிப் போச்சு. காய்ச்சல் வந்த பெறகும் அந்தப் பிள்ள நல்லா இருக்கான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு."

அந்த அம்மாள் என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். கையை, காலை, கழுத்தைப் பார்த்தாள். மகளிடம் ஏதோ கேட்டாள்.

"ஒன்னைக் கடிக்கலையேன்னு அம்மா கேக்குறா."

இல்லை என்று தலையசைத்தேன். அந்த அம்மாள் கையை எடுத்துக்கொண்டாள். மாமா உட்கார்ந்த இடத்தில் முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அத்தை அந்த மகளின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உப்புச் சேற்றில் வேலை செய்து விரல் நுனியெல்லாம் வெடித்துப் பிளந்திருந்தன. "அப்பாவுக்கு வாயத் தொடச்சு விட்டது யாருன்னு கேளு" என்றாள். கேட்டேன். அந்தப் பெண் தன் கையைத் தூக்கிக் காட்டினாள்.

"அந்த எச்சிலு வெடிப்புல எறங்கிருக்கும். கெளம்பச் சொல்லு. ரெண்டு பேரையும் இப்பவே கூட்டிட்டுப் போவோம்."

டாக்டர் எங்களைப் பார்த்தார். அந்த அம்மாளின் வெறும் நெற்றியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் ஊசியைக் கொதிக்கவைக்கச் சொன்னார்.

தாயும் மகளும் பதினாலு நாள் எங்கள் அறையில் தங்கினார்கள். அத்தை சமைத்தாள். மாமா தினமும் அவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்த் திரும்ப அழைத்து வந்தார். நரிப் படத்தை அவரே கழற்றிக் கிழித்தார். முதலாளி திட்டினார். இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மாமாவுக்கும் ஆகவில்லை. அதற்குப் பிறகு நாற்பது வருடம் இருந்தார். ஆனால் கேமராவைத் தூக்கிக்கொண்டு வெளியே போனதே இல்லை. அத்தைக்கு மாசி மாதத்தில் மகன் பிறந்தான்.

நான் மொழிபெயர்க்கத் தினமும் கூடப் போவேன். அந்தப் பெண்ணுக்கு முந்தி அவள் அம்மாவுக்கு ஊசி போடுவார்கள். அதுவரை நாங்கள் இருவரும் வெளியே மரப் பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். அவள் அதிகம் பேச மாட்டாள். ஆறாவது நாளோ ஏழாவது நாளோ, கால்களை ஆட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"தும் லோக் கைகோ பாகா?"

நீங்கள் ஏன் ஓடினீர்கள்? அப்பா தனியாக அதோடு போராடிக்கொண்டிருக்கும்போது, ஒரு பெரிய ஆள் இருந்தும், ஏன் ஓடினீர்கள்?

பயமாக இருந்தது என்றேன்.

"நரியைப் பார்த்தா?"

உள்ளேயிருந்து அவள் அம்மாவின் முனகல் கேட்டது. அடுத்தது அவள் முறை. எழுந்து நின்று என் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

ஆமாம் என்றேன். அவள் தலையசைத்துவிட்டு உள்ளே போனாள்.